வாசலில் சொன்னால்தான் சம்மதம்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நோட்டுப் புத்தகத்தைத் தொலைக்கவில்லை. வயதாகி மறந்துவிட்டது என்று என் மகன் எல்லோரிடமும் சொல்கிறானாம். மாமியார் புத்தியைக் காட்டுகிறேன் என்று நீ உன் அக்காவிடம் சொன்னாயாம். இரண்டும் தப்பு. உன் ஆவணப்படத்துக்காக நான் மொழிபெயர்த்த முப்பத்தொரு பேருடைய பேச்சும், சிவப்பு மையில் திருத்திப் பக்க எண் போட்டு, என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நான்தான் அனுப்பவில்லை.

காரணம் சொல்கிறேன். உன் மாமா அந்த மலை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த இருபத்திரண்டு வருஷமும் நான் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினேன். அந்தப் பழங்குடி மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்த விருந்தாளி எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டார்கள். அது மரியாதை. சம்மதம் என்றால், நடந்து நம் வாசலுக்கு வந்து சொல்வார்கள். நீ வாங்கிய முப்பத்தொரு கையெழுத்தும் அவர்கள் வீட்டுக்குள் வாங்கியவை.

காலையிலிருந்து நான்கு தடவை எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து மூடிவிட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தை,

எடிட்டிங் அறையில் நின்றபடியே உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படம் என் பெருமைக்காக இல்லை. அணை கட்ட அவர்களைக் காட்டைவிட்டு எழுப்பப் பார்க்கிறார்கள். அங்கே தலைமுறைகளாக யாரும் வாழவில்லை என்று அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கே மூத்தவளான பெரியவள் தன் இரண்டு குழந்தைகளைப் புதைத்த இடத்தைத் தொட்டுக் காட்டி அழுகிறாளே, அந்தக் காட்சிதான் அதற்குப் பதில். ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணைக் குழுவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மறுநாள் பொதுத் திரையிடல்.

ஒன்று கேட்கிறேன் அத்தை. அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு என் பக்கத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? "இதைப் படத்தில் போடலாமா, கேளுங்கள்" என்றேன். நீங்கள் கேட்டீர்கள். "சரி என்கிறாள்" என்றீர்கள். இன்று காலை அந்தப் பதிவை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன். உங்கள் குரல்தான். வழக்கம் தெரிந்த நீங்கள் அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை?

உங்கள் மருமகள்


மார்ச் 13

அன்புள்ள மருமகளுக்கு,

நியாயமான கேள்வி. பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

மாமா போனபின் இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, மாத்திரை போட்டாயா என்பதைத் தவிர. நீ என்னை ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வைத்தாய். "அத்தை இல்லாம ஒரு அடி நகர முடியாது" என்று கேமராக்காரரிடம் சொன்னாய். இது சம்மதமில்லை என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்போம். தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் தப்பைச் சுரண்டி அழிக்க விடமாட்டார்கள். மேலே ஒரே ஒரு கோடு போட வேண்டும், தப்பும் படிக்கத் தெரிய வேண்டும். மலையிலும் பிறகு இங்கேயுமாக நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். என் தப்பை மட்டும் முதல் கடிதத்தில் சுரண்டி அழிக்கப் பார்த்தேன்.

மலைப் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தன் பேச்சு படத்தில் வரலாம் என்பவர்கள் என் வாசலுக்கு வந்து சொல்லட்டும். கேட் திறந்தே கிடக்கிறது. "என்னங்க, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. பால்காரர் சைக்கிள் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடுகிறேன்.

அத்தை


மார்ச் 19

அத்தை,

இருபத்தாறாம் தேதி வரை பொறுக்கிறேன். அதற்குமேல் முடியாது. வேறு ஆளை வைத்து மொழிபெயர்த்துக்கொள்வேன்.

முழங்காலுக்குத் தைலம் தேயுங்கள். வாசலிலேயே நிற்காதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 23

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று வந்தார்கள். பத்தொன்பது பேர். மூன்று மணி நேரம் நடந்து, பிறகு பஸ் பிடித்து. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசற்படியில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பதினெட்டுப் பேர் போகட்டும் என்றார்கள். பெரியவள் கடைசியாகச் சொன்னாள்.

"என் பிள்ளைங்க இருக்கிற எடத்தக் காட்டாதே. அதிகாரிக்கு வேணும்னா நடந்து வரட்டும். நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். நாற்காலியில உக்காந்து பாக்கிறவங்களுக்கு அது எதுக்கு?"

பிறகு என்னைப் பார்த்தாள். "டீச்சரம்மா, உனக்குத்தான் எங்க வழக்கம் தெரியுமே. அன்னிக்கு நீ ஏன் சும்மா இருந்தே?"

உள்ளே போய்ச் சொம்பில் மொண்டுவந்து தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் குடித்தாள். அதுவே அதிகம்.

நோட்டு இத்துடன் வருகிறது, பதினெட்டுப் பேர் பேச்சு மட்டும். வராத பன்னிரண்டு பேர் பக்கங்களையும் பெரியவள் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அந்தக் காட்சி போனால் படம் இளைத்துவிடும் என்று எனக்கும் தெரியும். பெரியவள் அழைத்ததை விசாரணைக் குழுவிடம் எழுத்தில் கொடு. அவர்கள் நடக்கட்டும்.

அந்தக் காட்சி இருந்த இடத்தில் திரையை இருட்டாக விடு. நான் "சரி என்கிறாள்" என்று சொல்வது மட்டும் கேட்கட்டும். கீழே எழுது: "மொழிபெயர்த்தவள் இங்கே தவறு செய்தாள்." அது என் குரல், எனக்குச் சம்மதம். உன் வாசலுக்கு வந்து சொல்லத்தான் முழங்கால் விடவில்லை.

ஃபோன் செய்யாதே. செய்தால் "சரி அத்தை" என்பாய். ஒன்பது வருஷமாக நான் எது சொன்னாலும் அதைத்தான் சொல்கிறாய். அதில் எத்தனை சம்மதம், எத்தனை மரியாதை என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். பெரியவள் அழைப்பைக் கொடுப்பது, திரையை இருட்டாக்கி என் தவறை எழுதுவது, இந்த இரண்டையும் செய்வாயா, மாட்டாயா? எதுவானாலும் உன் கையால் எழுதிக் கடிதமாக அனுப்பு.

அத்தை