உல்ஃபத்தின் காதுகளுக்கு

ஸ்ரீநகர்
19 நவம்பர் 1998

என் அன்புக்குரிய ஃபயாஸ் சாஹிபுக்கு,

தில்ஷாதாவின் சலாம். நானும் மகளும் நலம். குளிர்காலத்துக்காக உங்கள் அரசு அலுவலகமான தர்பார் ஜம்முவுக்கு இறங்கிப் பதினைந்து நாளாகிறது. ஃபைல் பெட்டிகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவா? நீங்களும்தானே?

இங்கே குழாயில் தண்ணீர் உறையத் தொடங்கிவிட்டது. உல்ஃபத் காதை மூட விடுவதில்லை. உங்கள் தம்பி மனைவி ஆசையாகப் பின்னிய கம்பளித் தொப்பியை, "அம்மா, இது கடிக்குதும்மா" என்று பிடுங்கி எறிகிறாள். பிடிவாதம் இல்லை. சட்டைக் காலரில் இருக்கும் துணிச்சீட்டைக்கூட வெட்டிவிட்டுத்தான் அவளுக்குப் போடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் காலையில் ரொட்டிக்கடைக்கு என்னோடு வந்தே தீர வேண்டும். இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டே நடக்கிறேன். ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு வர வேண்டியதுதான் பாக்கி.

ஜம்மு கடைகளில் காதுறை தேடிப் பாருங்கள். கம்பளி வேண்டாம், பலமுறை துவைத்த பருத்தி போல மெத்தென்று இருக்க வேண்டும். உள்ளே தையல் தடிப்பு கூடாது. தலையை நெரிக்கும் கம்பி கூடாது. தாடையில் கட்டும் நாடாவும் கூடாது. வாங்கும் முன் உங்கள் கன்னத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள்.

இல்லாவிட்டால் எங்களை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறீர்கள். உங்கள் ஃபைல்களுக்குக்கூட ஜம்மு வெயிலில் இடம் இருக்கிறது. பெற்ற மகளுக்கு இல்லையா?

உங்கள்
தில்ஷாதா


ஜம்மு
2 டிசம்பர் 1998

அன்புள்ள தில்ஷாதா,

உன் கடிதம் கிடைத்தது. ஊருக்கு வரும் ஓர் ஆளிடம் காதுறை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அசல் முயல் ரோமம், ரோஜா நிறம், உள்ளே எஃகு வளைவு. பத்து வருஷம் உழைக்கும். "பெரிய ஆபீசர் வீட்டுப் புள்ளைங்க எல்லாம் இதத்தான் போடுதுங்க சாஹிப்" என்றான் கடைக்காரன். உன் பட்டியலைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பான்.

இங்கே வருவது நடக்காத காரியம். ஒரே அறையில் நாலு குமாஸ்தாக்கள் படுத்திருக்கிறோம். ஆறு வயதுப் பெண்ணுக்குத் தொப்பி போட ஒரு தாயால் முடியாதா? முதல் நாள் அழுவாள், மறுநாள் பழகிவிடும். நீதான் கொஞ்சிக் கெடுக்கிறாய்.

அன்புடன்
ஃபயாஸ்


ஸ்ரீநகர்
20 டிசம்பர் 1998

உல்ஃபத்தின் பாபாவுக்கு,

சலாம். முயல் வந்து சேர்ந்தது. முதலில் மடியில் வைத்துத் தடவிப் பார்க்கக் கொடுத்தேன். "நல்ல முயலு" என்று முத்தம்கூடக் கொடுத்தாள். காதில் வைத்ததுமே அலறினாள்: "அம்மா, உள்ள யாரோ காகிதத்தக் கசக்குறாங்க! நிறுத்தச் சொல்லு!" பிறகு குடித்த பாலை எல்லாம் வாந்தி எடுத்தாள். நிறத்தை நன்றாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். நான் எழுதியதில் ஒன்றையாவது பார்த்தீர்களா?

பனியில் அவள் காது மடல்கள் சிவந்து தடித்துவிட்டன. உங்கள் பழைய பிளானல் பைஜாமாவை வெட்டி, தையலை வெளிப்பக்கம் வைத்து, ஒரு அகலப் பட்டை செய்தேன். அவளே அதை எடுத்துப் போட வேண்டும், அவள் நினைத்தபோது கழற்றலாம் என்று பேச்சு. முதல் நாள் பத்து எண்ணும்வரை வைத்திருந்தாள். நேற்று ரொட்டிக்கடைவரை கழற்றவேயில்லை! கடைக்காரர் முன்னால் போய் நின்று, "பாருங்க, நானே போட்டேன்" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து எழுதுகிறேன்.

தில்ஷாதா


ஜம்மு
28 டிசம்பர் 1998

தில்ஷாதாவுக்கு,

என் பைஜாமாவை வெட்டித் தலையில் சுற்றி என் மகளைத் தெருவில் கூட்டிப் போகிறாயாம். தம்பி தாரிக்கும் எழுதியிருக்கிறான். கந்தலைக் கட்டிக்கொண்டு திரிகிறது ஃபயாஸ் வீட்டுப் பெண் என்று நாலு பேர் பேசவா நான் இங்கே உழைக்கிறேன்?

என்ன செய்ய வேண்டும் என்று தம்பிக்கு எழுதிவிட்டேன். அவன் பார்த்துக்கொள்வான். நீ குறுக்கே நிற்காதே.

ஃபயாஸ்


ஸ்ரீநகர்
17 ஜனவரி 1999

உல்ஃபத்தின் பாபாவுக்கு,

உங்கள் தம்பி பார்த்துக்கொண்டார்.

உங்கள் முயல் ரோமத்தை அவள் காதில் மாட்டி, கழற்ற முடியாதபடி மேலே மஃப்ளரைச் சுற்றி, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். நான் அவிழ்க்கப் போனேன். "தள்ளி நில்லுங்க அண்ணி. அண்ணன் லெட்டர் போட்டிருக்காரு. கொஞ்ச நேரம் கத்தட்டும், தொண்டை வத்துனா தானா அடங்கிரும்" என்று என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

அடங்கவில்லை. மஃப்ளருக்குள் விரலை விட்டுக் கம்பியைப் பிய்த்ததில், வீங்கியிருந்த இடது காது மடல் கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு தையல். "யாரும்மா இப்படிக் கட்டுனது?" என்று டாக்டர் கேட்டார். "இவளோட அப்பா" என்றேன். தாரிக் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்காவது வெட்கம் வந்தது.

இப்போது பிளானல் பட்டையைக் கண்டாலே உல்ஃபத் மூலையில் போய் ஒடுங்குகிறாள். என் கையைக்கூடக் காதருகே விடுவதில்லை. ரொட்டிக்கடைக்கு வா என்றால் தலையாட்டி மறுக்கிறாள்.

அந்த ஆஸ்பத்திரியில் உங்கள் அலுவலக நிசார் சாஹிபின் மனைவியைப் பார்த்தேன். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஜம்முவிலிருந்து வந்திருந்தார். "ஏன் தில்ஷாதா, ஒனக்கு ஜம்மு புடிக்கவே இல்லியாமே? ஒங்க வீட்டுக்காரருக்குக் குடுத்த கவர்மெண்ட் வீடு எங்களுக்கு எதிர்வீடு. ரெண்டு ரூமு, முத்தமெல்லாம் வெயிலு. குடும்பம் இருக்குன்னு ஒம்பேரும் கொழந்த பேரும் எழுதிக் குடுத்துதான வாங்குனாரு? ஒத்த ஆளா உக்காந்திருக்காரு, பாவம்" என்றார்.

மற்ற மூன்று குமாஸ்தாக்களும் எங்கே படுக்கிறார்கள்?

தில்ஷாதா


ஜம்மு
30 ஜனவரி 1999

அன்புள்ள தில்ஷாதா,

நடந்ததற்கு வருந்துகிறேன். தாரிக் ஒரு முரடன். காயம் ஆறிவிடும்.

மறைத்தது உண்மைதான். ஏன் என்பதையும் கேள். என் மேலதிகாரி வீட்டுக் கல்யாணம் உனக்கு மறந்திருக்காது. வெடிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அவள் உருண்டதில், நாலு பேர் சேர்ந்து உண்ணும் தட்டு கவிழ்ந்தது. மற்ற மூன்று பேரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்கள். நான் மட்டும் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இன்றும் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதே அதிகாரி இங்கே மேல்மாடியில் குடியிருக்கிறார். சுவர்கள் மெல்லியவை. என் பதவி உயர்வு ஏப்ரலில் முடிவாகும். நானும் மனிதன்தானே?

மனைவி வரவே மாட்டாளா என்று எல்லோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நீ பதினைந்து நாள் வந்து இருந்துவிட்டுப் போ. தனியாக வா. குழந்தையைத் தாரிக்கின் மனைவி பார்த்துக்கொள்வாள். பஸ் டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

உன்
ஃபயாஸ்


பாரமுல்லா
16 பிப்ரவரி 1999

ஃபயாஸ் அகமது அவர்களுக்கு,

உங்கள் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நானும் உல்ஃபத்தும் இங்கே என் அக்கா வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. மே மாதம் தர்பார் ஸ்ரீநகர் திரும்பும்போது அந்த வீட்டில் எங்களைத் தேட வேண்டாம். ஜம்மு வீட்டுத் தாளிலும் எங்கள் பெயர்களை அடித்துவிடுங்கள்.

உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, அது போகாது. ஆனால் கிளம்பியது கோபத்தால் இல்லை. நீங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது உல்ஃபத் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. தாளைத் தொட்டுக் காட்டி, "பாபா எம்பேரு எழுதியிருக்காராம்மா?" என்று கேட்டாள்.

இரண்டு முறை தேடினேன். 'அவள்' என்று இருந்தது, 'குழந்தை' என்று இருந்தது.

"எழுதியிருக்காரு, மூணு தடவ" என்றேன். "எங்க, காட்டு" என்றாள். கைக்கு வந்த மூன்று இடத்தில் விரலை வைத்தேன். அந்த மூன்று இடத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனாள்.

அடுத்த வருஷம் அவள் படிக்கத் தொடங்கிவிடுவாள். இனி எங்களுக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

தில்ஷாதா