புது வாடிக்கையாளருக்கு மட்டும்

லிங்கராஜபுரம், பெங்களூர்
18.1.2004

அன்புள்ள ஆண்ட்ரூ அப்பாவுக்கு,

இங்கே நானும் வீடும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை, நீங்கள் சொல்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டி பொங்கல் கழிந்துதான் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்குள் ஆண்ட்ரூ புனேவுக்குத் திரும்பிவிட்டான். வந்த நாட்களில் சாப்பிட்டான், தூங்கினான். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு 'ஓகேம்மா' என்றான்.

மின்னஞ்சலில் எழுதாமல் ஏன் தபாலில் என்று கேட்பீர்கள். மின்னஞ்சலுக்கு நீங்கள் 'நோட்டட்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறீர்கள். தவிர, இந்த விஷயத்துக்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

நம் கேபிள் இன்டர்நெட்டைப் பற்றித்தான். ஆண்ட்ரூ இருந்தவரை அந்தப் பெரிய பிளானுக்கு அர்த்தம் இருந்தது. இப்போது நான் எப்போதாவது பல்கலைக்கழக அறிவிப்பு பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஹெட்போன் மாட்டி உங்களோடு பேசுகிறேன். அதிலும் பாதி 'கேக்குதா', 'கேக்குது' என்பதிலேயே போகிறது. இதற்கு எதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்? பணம் வசூலிக்க வரும் முனிகிருஷ்ணனிடம் கேட்டேன். பாதிக் கட்டணத்தில் ஒரு பிளான் வந்திருக்கிறதாம். ஆனால் புது வாடிக்கையாளருக்கு மட்டும்.

"அப்போ பழைய ஆளுங்க என்ன பாவம் பண்ணோம்?" என்றேன்.

"கம்பெனி ரூல் மேடம், நான் என்ன பண்றது? ஒண்ணு பண்ணலாம். சார் பேர்ல இருக்கறத விட்டுட்டு உங்க பேர்ல புதுசா எடுத்துக்கங்க. ஆனா ஒரே குடும்பம்னா கம்ப்யூட்டர்ல ஏறாது. சார் தனி, நீங்க தனின்னு சார் ஒரு லெட்டர் குடுத்துட்டா ஏறிடும்."

"அவர் மஸ்கட்ல தனியாத்தானேப்பா இருக்கார்?"

"அது டூட்டி மேடம், அது கணக்குல வராது. பிரிஞ்சு இருக்கோம்னு எழுதணும்."

மாடியில் குடியிருக்கும் ஷோபாவும் முகேஷும் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். முகேஷ் எழுதிய பிரிவுக் கடிதத்தில் ஸ்பெல்லிங் திருத்திக் கொடுத்ததே நான்தான். ஷோபா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "பாருங்கக்கா, எவ்ளோ ஆசையா எழுதறாரு. ஆஃபர் இல்லன்னாகூட எழுதிக் குடுப்பாரு போல." அன்று சாயங்காலம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கமர்ஷியல் தெருவுக்குப் போனார்கள்.

பொய் எழுதச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது கம்பெனியே வாய்விட்டுக் கேட்கும் பொய். இரண்டு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்.

வெயிலில் அலையாதீர்கள்.

அன்புடன்,
ஜோசஃபின்


மஸ்கட்
2.2.2004

அன்புள்ள ஜோசஃபின்,

கடிதம் கிடைத்தது. முதுகுவலி பரவாயில்லை. ஆபீசில் நாற்காலி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ மெயில் போட்டான். வாடகை வீட்டில் தண்ணீர்க் கஷ்டமாம்.

நீ கேட்ட கடிதத்தை டைப் செய்து கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். செலவு குறைந்தால் நல்லதுதான். இங்கே எங்கள் ஆபீசில் ராகேஷ் என்று ஒரு பையன் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "சார், உங்க ஊர்ல நெட்டுக்காக டிவோர்ஸா?" என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை என் பக்கம் லைன் சரியில்லை. அதனால்தான் வரவில்லை.

இப்படிக்கு,
ரெமிஜியஸ்


லிங்கராஜபுரம்
14.2.2004

அன்புள்ள ஆண்ட்ரூ அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முனிகிருஷ்ணனிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எதையும் படிக்காமல் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை, உங்களுக்குத் தெரியும்.

நானும் நீங்களும் 2000 ஜூன் முதல் பிரிந்து வாழ்வதாக எழுதியிருக்கிறீர்கள். மஸ்கட்டுக்கு நீங்கள் போனது 2002 பிப்ரவரியில். 2000 ஜூனில் இந்த வீட்டில்தான் இருந்தீர்கள். என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டீர்கள். ஞாயிறு பூசைக்குச் சேர்ந்துதான் போனோம். கணக்கு எழுதிப் பிழைக்கும் உங்களுக்குத் தேதி தவறாது என்பதால் கேட்கிறேன். கைதவறி விழுந்ததா?

அதற்குக் கீழே, இனி சேர்ந்து வாழும் எண்ணம் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை முனிகிருஷ்ணன் கேட்கவில்லை. முகேஷின் கடிதத்திலும் அது இல்லை.

வேறொன்று எழுதி அனுப்புவதானால் அனுப்புங்கள். இந்த மாதம் பழைய கட்டணத்தையே கட்டிவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டியிருக்கிறார்கள். கல்லூரிக்குச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ஜோசஃபின்


மஸ்கட்
29.2.2004

அன்புள்ள ஜோசஃபின்,

மாதம் தவறில்லை.

அந்த ஜூனில்தான் ஆண்ட்ரூவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அப்போது டெலிபோன் வழியாகத்தான் நெட். டெலிபோன் பாயிண்ட் நம் படுக்கையறையில் இருந்தது. வேறு அறைக்கு வயர் இழுத்தால் செலவு என்று மேசையை அங்கேயே போட்டோம். ராத்திரியில் டெலிபோன் கட்டணம் குறைவு என்பதால் அவன் அப்போதுதான் உட்காருவான். வெளிச்சத்தில் எனக்குத் தூக்கம் வராது. "கொஞ்ச நாளைக்கு ஹால்ல படுத்துக்குங்க, பில் மிச்சமாகும்" என்று நீ சொன்னாய். படுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கேபிள் வந்தது. கம்ப்யூட்டர் ஆண்ட்ரூ அறைக்குப் போனது. மேசை இருந்த இடத்துக்கு நீ பீரோவை நகர்த்தினாய். உள்ளே வந்து படுங்கள் என்று சொல்லவில்லை. நானும் தலையணையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்தேன். பிறகு மஸ்கட் வேலைக்கு எழுதிப் போட்டேன்.

கோபம் எதுவும் இல்லை. உன்மேல் குறை சொல்லவும் இல்லை. கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தபோது, எப்போது முதல் என்று ஒரு தேதி போடாமல் வாக்கியம் முடியவில்லை. தேதியைப் போட்டேன். போட்டதும் அடுத்த வரி தானாக வந்துவிட்டது. கிழித்துவிட்டு வேறு எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியதுதான் சரியாக இருந்தது.

ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்துக்கொள்ளப் போகிறேன். இதை வெள்ளிக்கிழமை ஹெட்போனில் சொல்ல வரவில்லை.

ரெமிஜியஸ்


லிங்கராஜபுரம்
14.3.2004

அன்புள்ள ரெமிஜியஸுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மிச்சத் தாள்களையும் திருத்தினேன். மதிப்பெண்களைத் தப்பாகப் போட்டிருப்பேனோ என்று மறுநாள் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

மேசை இருந்த பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறியது. கறையை மறைக்கத்தான் பீரோவை நகர்த்தினேன். நீங்களாக வருவீர்கள் என்று இருந்துவிட்டேன். வராததால், ஹாலில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது. இதைச் சொல்லி இப்போது ஆவது ஒன்றுமில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

முனிகிருஷ்ணன் வசூலுக்கு வந்தான். உங்கள் கடிதம் அலமாரியில்தான் இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இணைப்பே வேண்டாம், எடுத்துவிடு என்றேன்.

"ஏன் மேடம், சார் லெட்டர் அனுப்பலயா?"

"அனுப்பினார்."

"அப்புறம் என்ன? குடுங்க மேடம், நாளைக்கே புது அக்கவுண்ட் போட்டுடறேன். இந்த மாசத்தோட ஆஃபர் முடியுது."

"வேண்டாம்ப்பா. இணைப்பு அவர் பேர்லதானே இருக்கு, எடுக்கறதுக்கு அவர் கையெழுத்து வேணுமா?"

"கட் பண்றதுக்கு எதுக்கு மேடம் கையெழுத்து? அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜன்னல் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. அடைக்க வேண்டும்.

மெயில் பார்க்க பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பிரௌசிங் சென்டர் இருக்கிறது. எனக்கு அது போதும். இணைப்புக்கென்று நீங்கள் அனுப்பும் பணத்தை இனி அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வக்கீலோ பங்குச் சாமியாரோ கேட்டால் உங்களுக்குத் தேவைப்படும். தேதியைப் பற்றி நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ஆண்ட்ரூ ஈஸ்டருக்கு வருகிறான். அவனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்களே எழுதுவதானால் அவன் புனேவுக்குத் திரும்பிய பிறகு எழுதுங்கள். வந்ததும் நெட் ஏன் இல்லை என்றுதான் முதலில் கேட்பான். செலவைக் குறைக்க என்று சொல்வேன். நம்பிவிடுவான்.

இப்படிக்கு,
ஜோசஃபின்