கோட்டை வாசலில் நம்மூர்ப் பெயர்

ஹாலந்து
12-10-1972

அன்புள்ள செங்கம்மாவுக்கு,

நான் சுகம். அங்கே நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கக் கங்கையம்மன் துணை. அம்மாவின் கால்வீக்கம் வடிந்ததா?

கப்பலிலிருந்து சரக்கு இறக்க இன்னும் நான்கு நாளாகும். போன ஞாயிறன்று இந்த ஊர் டீச்சரம்மா ஒருவர் எங்களை நடத்தியே கூட்டிப்போய் ஊரைக் காட்டினார். கடைசியில் ஒரு பழைய கோட்டை வாசல். ஆள் அரவமே இல்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பழுப்பேறிய காகிதம். அதைப் படித்த டீச்சரம்மா, பழைய கப்பல் கணக்கு, ஏற்றிய ஊர் 'பாலியகட்டா' என்றார்.

"முனி, நம்ம பழவேற்காட்டத்தான் சொல்லிக்கினு கீறாங்கடா!" என்று கூட வேலை செய்யும் நம்மூர் ஹபிபுல்லா என் தோளைப் பிடித்தான்.

எனக்கு ஒரே பெருமை. நம்மூரிலிருந்து என்ன ஏற்றினார்கள், துணியா என்று கேட்கச் சொன்னேன். இங்கிலீஷில் கேட்ட ஹபிபுல்லாவின் முகம் செத்துப்போனது.

"துணி இல்லடா, மனுசங்க. இந்த ஊர் டச்சுக்காரனுங்க பஞ்சத்துல புடிச்சி, கப்பல்ல ஏத்திக்கினு போயி அடிமையா வித்துக்கீறாங்க. இது அந்த லிஸ்ட்டு. ஏழு வயசுப் பொண்ணுகூட கீதாம். கங்கம்மா."

நம் மகளின் பெயர், நம் மகளின் வயது. முன்னூறு வருஷத்துக்கு முந்தியது என்றார் டீச்சரம்மா. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகும், கண்ணாடிமேல் அந்த வரிக்கு நேரே விரலை வைத்தபடி நின்றேன்.

பழைய கதைதான், நீ பயப்படாதே. ஆனாலும் பிள்ளையை ஏரிக்கரைக்குத் தனியே அனுப்பாதே. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பதில் போடும்போது, கங்கம்மாவையே ஒரு தாளில் அவள் பெயரை எழுதச் சொல்லி அனுப்பு. கோணலாக இருந்தாலும் திருத்தாதே.

உன்
முனிகிருஷ்ணன்