தண்ணீர் குடிக்கும் வண்டி

அன்பு மகள் வெண்மதிக்கு,

உன் சித்தப்பா காளியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, நான், உன் சித்தி மூன்று பேரும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே கனடா பனியில் நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அண்ணன் கடைசிவரை ஓட்டிய பிக்கப் வண்டியை விற்றுவிட்டு அம்மாவை அனுப்பி வையுங்கள் என்று சொன்னாயே, அது என்ன ஆயிற்று என்று முழுசாகச் சொல்கிறேன்.

அரூரில் வண்டியை வாங்க ஒரு பார்ட்டியைப் பிடித்தேன். இந்த ஜில்லாவில் என்னைத் தெரியாத வண்டி வியாபாரி யார் இருக்கிறார், நான் சொன்னதும் எழுந்து நின்றுதான் பேசினார். வண்டியில் ஒரே ஒரு குறை, ரேடியேட்டரில் தண்ணீர் நிற்பதில்லை. காலையில் கூலன்ட்டை விளிம்பு வரை ஊற்றினால் வத்தல்மலை ஏறி லோடு இறக்கி வருவதற்குள் பாதியைக் காணோம். கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மெக்கானிக் இன்னாசியைக் கூப்பிடலாம் என்றேன், உன் அம்மா குறுக்கே நின்றுவிட்டார். அவரு குடிக்கிறாருங்க, குடிக்கட்டும், தண்ணியில்லாமத்தான போனாரு என்றார். அன்றைக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலை வளைவில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டுத்தானே சாய்ந்தார், பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில் கிடந்ததே, அது உன் அம்மா மனசை விட்டு இறங்கவே இல்லை. கடைசித் தண்ணீர் வாயில் ஊற்ற முடியாமல் போன வருத்தம்.

தண்ணீர் மட்டும் என்றால் நான் சமாளித்திருப்பேன் மகளே. மலைப் பனியில் போகும்போது முன் கண்ணாடி உள்பக்கமாக மங்கும், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது மாதிரி. துடைத்தால் மறுபடியும் வரும். கூடவே இனிப்பாக ஒரு வாசனை. உங்கப்பா வாயில் அடக்கிக்கொண்டே ஓட்டுவாரே கமர்கட், அது என்பார் உன் அம்மா. எனக்குப் பயம் என்பது பிறவியிலேயே கிடையாது, சுடுகாட்டில் கட்டில் போட்டுத் தூங்குவேன், இருந்தாலும் அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். உன் அம்மா தினமும் விடியக்காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு இடது சீட்டில் உட்கார்ந்து அந்த மூச்சோடு பேச ஆரம்பித்தார். இருமலும் பிடித்துக்கொண்டது.

போன மாசம் பீன்ஸ் லோடோடு உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டி நின்றது. ஆவி கிளம்பியது பார், மாரியம்மன் கோயில் கோபுர உயரம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், வேறு ஆளாக இருந்தால் வண்டியும் இல்லை உன் அம்மாவும் இல்லை, நான் இரண்டாவது கியரில் அமுக்கிப் பாறையோரம் அணைத்தேன். அப்போதுதான் உன் அம்மா இறங்கி வந்தார். சரிங்க தம்பி, பாக்கட்டும், ஆனா எம் முன்னாடிதான் கழட்டணும் என்றார்.

இன்னாசி ஹோஸ், பம்பு, மூடி எல்லாம் பார்த்தான். ஆயில் டீ மாதிரி வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போய் இன்ஜினுக்குள் தண்ணீர் கலந்திருக்கும் என்றான், அதுவும் சுத்தம். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்று அடித்தால் முள் ஏறி மெதுவாக இறங்குகிறது, ஆனால் ஒழுகும் இடம் தெரியவில்லை. என்ன மாமா, நெசமாவே பேய் வண்டிதானா, பூசாரியக் கூட்டியாங்க, எனக்கு எதுக்குக் கூலி என்று கிண்டல் வேறு. நான்தான் யோசித்தேன். இந்த வண்டி குடகுக்காரர் ஒருவரிடம் அண்ணன் வாங்கியது. குளிர் தேசத்து வண்டி, உள்ளே ஹீட்டர் உண்டு. நம் ஊர் வெயிலில் அதை யார் தேடுவார்கள், எந்தப் பட்டறையிலும் அந்தப் பக்கம் கையே வைக்க மாட்டார்கள். அண்ணன் மட்டும் மலையில் போட்டுக்கொள்வார். இடது பக்கக் கால்மிதியைத் தூக்கினேன், அடியெல்லாம் பிசுபிசு ஈரம். டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் பெட்டியை வெளியே எடுத்தால், மடிப்பில் முடி மாதிரி ஒரு கீறல். சூடேறினால் மட்டும் அது வழியாகக் கூலன்ட் இனிப்பு வாசனையோடு ஆவியாக உள்ளே கசிந்து கண்ணாடியில் படிந்திருக்கிறது. கனடாவில் நீயே ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாய்.

உன் அம்மா அதை வாங்கி மோந்து பார்த்தார். இதுதானாங்க அந்த வாசன என்று கேட்டார். இன்னாசி இரண்டு ஹோஸையும் வளைந்த குழாயால் ஒன்றாக இணைத்து, ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் சுற்றும்படி கிளிப் போட்டான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் குறையவில்லை. கண்ணாடி கண் மாதிரி தெளிவு. உன் அம்மா விடிந்ததும் போய் உட்கார்ந்து, அந்தத் தெளிந்த கண்ணாடியையே பார்த்துவிட்டு இறங்கி வருவார். இருமல் நின்றது, பேச்சும் நின்றது. மூன்று வேளைச் சோற்றையும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். வண்டியைச் சரிபண்ணினேனா, அண்ணனை இரண்டாந்தரம் அனுப்பி வைத்தேனா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டேஷ்போர்டு மேல் வைத்துத் தட்டால் மூடினார். நான் தடுக்கவில்லை. கதவைப் பூட்டி, சாவியை என் தலைமாட்டிலேயே வைத்துப் படுத்தேன். காலையில் நான்தான் முதலில் திறந்தேன். சொம்பில் பாதிதான் இருந்தது. எலி என்று நினைத்தேன், தட்டு மூடினபடி இருக்கிறது. ஒழுகல் என்று கால்மிதியைத் தூக்கித் தடவினேன், காய்ந்து கிடக்கிறது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் எதையும் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்வேன் என்பாள் உன் சித்தி. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை மகளே.

உன் அம்மா இப்போது சாப்பிடுகிறார். அரூர்க்காரரை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இதைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே, வண்டி பேச்சையும் எடுக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல், குழந்தை குட்டியோடு நிறைந்திருக்க மாரியம்மன் துணை இருப்பாள். திதிக்கு வரும்போது ஸ்வெட்டர் எடுத்து வா, மலைக்குப் போனால் வண்டியில் ஹீட்டர் கிடையாது. பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம், இடது சீட்டு வேண்டாம்.

என்றும் உன் சித்தப்பா,
காளியப்பன்