பன்னிரண்டு வாரக் குஞ்சுகள்

மத்திய சிறை, பாளையங்கோட்டை
8.4.2024

அன்புத் தங்கை ஆனந்தவள்ளிக்கு,

அண்ணன் நல்ல சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே போனில் பேசினால் பின்னால் நிற்கிறவர்களின் மூச்சு கழுத்தில் படுகிறது, சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் விடுதலைப் பட்டியலில் போயிருக்கிறது. ஆனி கடைசிக்குள் உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள். மடையில் கையை ஓங்கிய அந்த ஒரு நிமிஷத்துக்குப் பதினோரு வருஷம், ஆனந்தி! நேராக வடகரைக்குத்தான் வருவேன், வேறு எங்கே போவேன்? என் அறையை மட்டும் கூட்டிப் பெருக்கி வை. கட்டிலில் கயிறு அறுந்திருந்தால் நானே வந்து பின்னிக்கொள்கிறேன்.

போன கடிதம் போல இரண்டு வரியில் முடிக்காதே.

உன் அண்ணன்,
முத்துச்செல்வம்


வடகரை
16.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா படத்துக்கு முன்னால் நின்று ஒரு தடவை உரக்கவும் படித்தேன். சந்தோஷம்.

உன் அறையில் இப்போது பதினான்கு கோழிக்குஞ்சுகள் இருக்கின்றன, சிரிக்காதே. பங்குனிக் கடைசியில் பொரித்த நாலாம் நாள் தாய்க்கோழியைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. அந்த அறையில்தான் காற்று புகாது என்று, டிவி வந்த அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. நீதானே வீட்டில் கோழி பார்ப்பாய். எப்போது இவற்றை வெளியே கூட்டில் விடலாம் என்று எழுது. விட்டதும் அறையைக் கழுவி வெள்ளையடிக்கச் சொல்கிறேன்.

தங்கை
ஆனந்தவள்ளி


பாளையங்கோட்டை
24.4.2024

அன்புத் தங்கைக்கு,

சிரிக்கத்தான் செய்தேன். கோழி எச்சத்தை மிதித்தால் மூன்று தடவை கால் கழுவுகிறவள் வீட்டில் பதினான்கு குஞ்சா! யாருடைய கோழி என்று நீ எழுதவே இல்லையே.

கவனமாகக் கேள். இங்கேயும் கோழிக் கொட்டகை என் பொறுப்புதான், அதனால் எதுவும் மறக்கவில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. வாரத்துக்கு ஒருமுறை பல்பை நாலு விரல் மேலே தூக்கிக் கட்டு. ஐந்தாவது வாரம் பகலில் அணைத்துவிடு. பஞ்சு உதிர்ந்து முதுகில் இறகு மூடியதும் பகலில் வெயிலில் விட்டு, பொழுது சாய உள்ளே கொண்டுவா. ஒரு வாரம் இப்படிப் பழகினால் போதும், பிறகு கூட்டிலேயே தங்கும். ஆறு வாரம், மிஞ்சினால் ஏழு. முதல் நாள் கத்தும்தான். கத்துகிறதே என்று உள்ளே தூக்கி வந்துவிடாதே, பிறகு என்றைக்கும் வெளியே தங்காது. கூட்டுக்கு மேற்கே ஒரு சாக்கைக் கட்டு, சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

வைகாசி முடிவதற்குள் என் அறை எனக்கு வேண்டும், சொல்லிவிட்டேன்.

அண்ணன்
முத்துச்செல்வம்


வடகரை
10.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது, தென்காசி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

நீ சொன்னபடி பல்பை ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் குஞ்சுகளுக்கு இன்னும் இறகு சரியாக மூடவில்லை. ஒன்று செத்தும் போனது. இந்த ஈரத்தில் வெளியே விட மனம் வரவில்லை. அறை உமியும் நாற்றமுமாகத்தான் கிடக்கிறது. நீ அவசரப்பட வேண்டாம், ஆவணி பிறக்கட்டும். உன்னோடு அங்கே இருந்த இத்ரீஸ் இப்போது மேலப்பாளையத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதுவரை அங்கே தங்கினால் என்ன?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை
ஆனந்தவள்ளி


பாளையங்கோட்டை
26.6.2024

ஆனந்திக்கு,

உத்தரவு வந்துவிட்டது. ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். பங்குனிக் கடைசியில் பொரித்தவை. இன்றைக்குப் பன்னிரண்டு வாரம். பன்னிரண்டு வாரச் சேவல் வேலிமேல் ஏறிக் கூவப் பார்க்கும். அதற்கு இறகு மூடவில்லை என்று என்னிடமே சொல்கிறாய்.

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் வெல்லம் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைக்காமல் வந்து நிற்பாய். நான் வருவது பிடிக்கவில்லையா? அப்படியானால் அதையே எழுது. குஞ்சுகளின் மேல் பழி போடாதே.

முத்துச்செல்வம்


வடகரை
2.7.2024

அண்ணா,

குஞ்சுகள் வைகாசி பத்தாம் தேதியே கூட்டுக்குப் போய்விட்டன. நீ எழுதியபடியே செய்தேன். முதல் நாள் கத்தின, காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்றும் சாகவில்லை, பதினான்கும் நன்றாக இருக்கின்றன. உன் அறை வெள்ளையடித்துக் காலியாக இருக்கிறது.

அந்தக் கோழி செண்பகவல்லியுடையது. ஆமாம், தண்ணீர்த் தகராறில் உன் மண்வெட்டி அடியில் செத்துப்போன சங்கிலிப்பாண்டியின் பெண்டாட்டிதான். மூன்று வருஷம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்த அன்று என் கூப்பாட்டுக்குத் தெருவில் ஒருத்தரும் வரவில்லை. அவள்தான் பின்வீட்டிலிருந்து புறவாசல் வழியாக ஓடி வந்தாள். எட்டு மாதம் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். இதை உனக்கு நான் எப்படி எழுதுவேன்? அன்றிலிருந்து அந்தக் கதவை நாங்கள் அடைப்பதே இல்லை.

தாயில்லாத குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து, “எங்க வீடு ஒழுகுது, நீயே வச்சு வளத்துக்கோ” என்று கொடுத்ததும் அவள்தான். தினமும் உன் கட்டிலில் உட்கார்ந்துதான் குருணை போட்டாள்.

நீ வருவதைச் சொன்னேன். “ஒங்க அண்ணன் வந்தா வரட்டும்ட்டி, அது அவன் வீடு. நான் பொறவாசக் கதவ அடைச்சிக்கிடுதேன்” என்றாள். வையவில்லை, அழவுமில்லை. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

உன்னை விட்டால் எனக்குக் கூடப்பிறந்தவர் யார் இருக்கிறார்கள்? வராதே என்று எழுதக் கை வரவில்லை. வா என்று எழுதிவிட்டு, அந்தக் கதவு அடைபடுகிற சத்தத்தைக் கேட்கவும் தெம்பில்லை. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

ஆனந்தி


மேலப்பாளையம்
14.7.2024

அன்புத் தங்கைக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் வெளியே வந்தேன். தென்காசி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருவதற்குள் இறங்கிவிட்டேன். இத்ரீஸ் கடைக்கு மேலே இடம் கொடுத்திருக்கிறார். தீவன மூட்டை ஏற்றி இறக்குகிறேன்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அம்மாவைப் பற்றிய வரிக்கு வந்ததும் கிழிக்க முடியவில்லை. அவளைத் தூக்கி உட்கார வைத்திருக்க வேண்டியவன் நான். அந்த வேலையை யார் செய்தது பார்.

கதவை அடைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். நான் வரவில்லை. அறையைச் சும்மா பூட்டி வைக்காதே. அடுத்த ஈட்டுக் குஞ்சு பொரித்தால் அங்கேயே பல்பைக் கட்டு. தீபாவளிக்கு நீ இங்கே வா, உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

பெட்டைகள் புரட்டாசிக் கடைசியில் முட்டையிட ஆரம்பிக்கும். முதல் முட்டைகளை நீ எடுத்துக்கொள்ளாதே, செண்பகவல்லிக்குக் கொடு. நான் கொடுக்கச் சொன்னதாகச் சொல்லாதே.

அண்ணன்
முத்துச்செல்வம்