எலுமிச்சைக்கு ரோஷம்

7.7.91, ஞாயிறு

ஆனி முடியப்போகிறது, வெயில் விடுவதாக இல்லை. காலை வேலை: ரோஜாவுக்கு அலசிய டீத்தூள். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். எலுமிச்சைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எனக்கும் கஸ்தூரிக்கும் கல்யாணமாகி படப்பைக்குக் குடிவந்த மாதமே நட்டது. ஆறு வருஷம். என் தலைக்கு மேல் நாலடி. இலை பளபள. பூச்சி இல்லை, நோய் இல்லை. பூவும் இல்லை.

ரேடியோ விவசாய நிகழ்ச்சியில் சொன்னது:
- யூரியா போட்டால் இலைதான் வரும், பூ வராது.
- மூன்று வாரம் தண்ணீரை நிறுத்து. இலை லேசாக வாடட்டும்.
- பிறகு வேரை வெட்டாமல் மண்ணைக் கொத்தி, மக்கிய சாணம், சாம்பல். நிறையத் தண்ணீர்.
- விதைக் கன்று என்றால் காய்க்க ஏழெட்டு வருஷம்கூட ஆகலாம்.

அடக் கடவுளே! தினமும் குளியல் தண்ணீர் மொத்தமும் அதற்குத்தான் விட்டேன். மாதாமாதம் ஒரு பிடி யூரியா வேறு.

இது விதைக் கன்றா, பதியனா? கஸ்தூரியைக் கேட்டேன். "உங்க அக்கா குடுத்ததுதானே, அவங்களையே கேளுங்க" என்றாள். பேச்சில் சூடு. வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்து வந்ததிலிருந்து அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லையாம், பொறுங்கள் என்கிறார். குறையே இல்லையென்றால் ஏன் குழந்தை இல்லை? எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர் இன்றிலிருந்து நிறுத்தம்.

14.7.91, ஞாயிறு

காற்று. துணியெல்லாம் புழுதி. மணிமங்கலத்திலிருந்து அக்கா வந்தாள். விதையா பதியனா என்றேன். "யாருக்குடா ஞாபகம் கீது?" என்றாள். மரத்தைச் சுற்றி வந்தாள்.

"ரேடியோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழஞ்செருப்பும் தொடப்பமும் கட்டு. ரோஷம் வந்து தானா காய்க்கும்."

ஏணிக்கடியில் வார் அறுந்த செருப்பு ஒன்று கிடந்தது. கட்டினேன். துடைப்பமும் கட்டினேன். பிறகு என்னைக் கொடுவாளை எடுத்துவரச் சொன்னாள். வழக்கம் உண்டே: ஒருவர் வெட்டப்போவது போல மிரட்ட வேண்டும், இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். கஸ்தூரி டீ கொண்டுவந்தாள். அக்கா விடவில்லை. "நீ நில்லும்மா. நீ மரத்துக்குப் பதிலா பேசு."

நான் கொடுவாளை ஓங்கி, "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டிடவா?" என்றேன். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

"வெட்டாதீங்க, அடுத்த வருஷம் காய்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கஸ்தூரி "வெட்டாதீங்க" என்றாள். மீதியைச் சொல்லவில்லை. டீயைக் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இன்னா ஆச்சு உன் பொண்டாட்டிக்கு?" என்றாள் அக்கா. தெரியவில்லை.

17.7.91, புதன்

ஆடி பிறந்தது. கஸ்தூரி மூன்று நாளாகப் பேசவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல". சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, உப்பும் சரியாக இருக்கிறது. அப்புறம் என்ன கோபம்?

எலுமிச்சை இலை லேசாகச் சுருள்கிறது. நல்லதா கெட்டதா?

20.7.91, சனி

கம்பெனி கேன்டீனில் தேவசகாயத்திடம் விஷயத்தைச் சொன்னேன். சேரப்பணஞ்சேரிக்காரன், எனக்கு அடுத்த மெஷின். மரத்துக்கு ஏதாவது மருந்து சொல்வான் என்று நினைத்தேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தான்.

"யோவ், உனக்கு மூள கீதா? மரத்துக்கு எத்தினி வருஷம்?"

"ஆறு."

"உனக்குக் கல்யாணமாயி?"

சோற்றை மூடிவைத்தேன். "யாரு செருப்புய்யா கட்டுன?" என்று அடுத்ததாகக் கேட்டான். கட்டும்போது யாருடையது என்று நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். அவளுடையது. நீலவார்ச் செருப்பு.

அவிழ்த்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா? மன்னித்துக்கொள் என்று சொல்ல உள்ளே போய், "அவுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மரத்துக்கு ரோஷம் வந்துடுச்சா?" என்றாள்.

28.7.91, ஞாயிறு

மூன்று வாரம் முடிந்தது. மண்ணைக் கொத்தினேன். சாணம் இரண்டு கூடை, சாம்பல் ஒரு முறம். தண்ணீர் எட்டுக் குடம். கஸ்தூரியும் இரண்டு குடம் ஊற்றினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே. மாலையில் நல்ல மழை. அப்படியானால் அந்த எட்டுக் குடம் வீணா?

11.8.91, ஞாயிறு

மொட்டு!

உள்கிளையில் மிளகளவு. எண்ணினேன், பதினொன்று. கத்தப்போனேன், அக்கா ஞாபகம் வந்தது.

எதனால் வந்தது? தண்ணீரை நிறுத்தியதாலா? சாணமா, மழையா, ஏழாவது வருஷம் என்பதாலா? எதுவானாலும் அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "பாத்தியா, செருப்பக் கட்டுன உடனே காச்சிடுச்சி." கஸ்தூரி எதிரிலேயே சொல்வாள். மரத்துக்கு வந்த ரோஷம் உனக்கு வரவில்லையா என்று சொல்லாமல் சொன்னது போல ஆகும். கஸ்தூரியால் இன்னொரு தடவை தாங்க முடியாது. என்னாலும்.

ஆறு வருஷம் காத்துக் கிடந்த பூ.

13.8.91, செவ்வாய்

கிள்ளிவிட்டேன். கஸ்தூரி குடிதண்ணீருக்குப் போன நேரத்தில். பதினொன்றும். வேலிக்கு அப்பால் எறிந்தேன். பாவமா புண்ணியமா, தெரியவில்லை. சோப்பு போட்டும் விரலில் வாசனை போகவில்லை.

14.8.91, புதன்

காலை டீ கொடுத்தவள் போகாமல் நின்றாள்.

"பதினோரு மொக்கு இருந்துதே. எங்க?"

"அணிலு" என்றேன்.

"அணிலுக்குத்தான் உங்க கைல அந்த வாசன அடிக்குதா?"

டீயைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள். "போன வாரமே பாத்துட்டேன். உங்களாண்ட சொன்னா அண்ணியாண்ட ஓடிப்போய்ச் சொல்லிடுவீங்கன்னுதான் சொல்லல. தெனம் போய்ப் பாத்துக்கினு இருந்தேன்."

ஐயோ.

"கெணத்துப் பக்கம் உச்சிக் கெளைல ஒரு கொத்து கீது. உங்களுக்குக் கை எட்டாது. ஏணி போட்டுடாதீங்க."

மாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாளே, பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னிக்கி மரத்துக்குப் பதிலா பேசுனது நான்தானே? இன்னும் பாதி பாக்கி கீது. நானே பேசிக்கிறேன்."