ஒன்றரை அங்குலம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

பள்ளிச் சீருடை ஆர்டர் முடிந்தது. நூற்றுப்பத்துச் சட்டை. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற அக்கா வேலையை விட்டுவிட்டாள், அதையும் நானே எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

இனி என் விஷயம். ஒரு வருஷமாகவே என் நைட்டி தரையில் புரண்டது. எப்போதும் வெட்டுகிற அளவில்தான் வெட்டினேன். இஞ்ச் டேப் இழுபட்டிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அப்படியே. வெட்டுகிற மேஜை வேறு உயர்ந்த மாதிரி இருந்தது, மேஜைக் காலுக்கடியில் என்ன வைத்தீர்கள் என்று அப்பாவோடு சண்டை போட்டேன். முப்பது வருஷமாக ஊருக்கே அளவெடுக்கிறேன். என்னை ஒரு தடவை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

போன மாதம் துணிப் பண்டலைத் தூக்கும்போது முதுகில் பட்டென்றது. படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருக்கிறதாம். உயரத்தில் ஒன்றரை அங்குலம் போய்விட்டதாம். டாக்டரம்மா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தச் சொரியாசிஸ் எத்தனை வருஷமாக இருக்கிறது என்றார். இருபத்தாறு என்றேன். அது தோலோடு நிற்கிற நோய் இல்லையாம். உள்ளுக்குள் அழற்சி ஓயாமல் இருந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையலாமாம். எல்லாருக்கும் அப்படி ஆகாதாம். எனக்கு வயசும் சேர்ந்துகொண்டது, வெயில் படாமல் மூடிக்கொண்டே திரிந்ததும் சேர்ந்துகொண்டது என்றார். தலையாட்டினேன். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. யாருடைய கதையையோ கேட்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த பட்டன்களைத் தைத்தேன்.

அப்பாதான், இப்பவாச்சும் என்னைவிடக் குள்ளமானியே என்று சொல்லிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போதெல்லாம் உன் நினைப்புதான். உனக்கும் இந்தச் சொரியாசிஸ் பதினாறு வயசில் வந்தது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே, ஏதோ அலர்ஜி என்று சொல்லிக்கொள் என்றது நான். போன வருஷம் படியில் இடறி உன் பாதத்து எலும்பில் விரிசல் விட்டதே, அப்போது செருப்பைக் குறை சொன்னதும் நான். முப்பத்திரண்டு வயசில், ஒரு படி இடறியதற்கு விரிசல் விடுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கேன் இருக்கிறது. கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும், வலிக்காது. டாக்டரிடம் தோலைக் காட்டிக் கேள். போனால் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நீ எந்தத் தோல் டாக்டரிடமும் போவதில்லை, எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லிவிடு. அம்மாதான் மறைக்கச் சொன்னாள் என்று என் தலையில் போடு. அவர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் ஆத்திரம் வரும். வரட்டும். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாவது போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடு, குட்டி.

உன்
அம்மா